லாரி வராத பாதை யாருக்கு?

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சைக்கிள் பயணம் போய்வந்தவர்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் பற்றிப் பேசுவதைவிட ஒலியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நாள் முழுக்க மிதித்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன் கிடையாதாம். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டே இந்தப் பயண முறையை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சைக்கிளில் ஊர் சுற்றுவதற்கு ஒரு கொள்கையையே வகுத்துக் கொடுத்தவர் செந்த் எத்தியேன் நகரத்துப் பட்டு வணிகர் பால் த விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயர் கொண்ட அவர் 1887இல் ஒரு சைக்கிள் இதழைத் தொடங்கினார். பந்தயத்தில் முந்துவதற்காக ஓட்டாதீர்கள், நிலத்தைப் பார்க்க ஓட்டுங்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் பிரச்சாரம். 1930இல் அவர் டிராம் மோதி இறந்தார். மோட்டார் வண்டிகள் நுழையாத தனிப் பாதைகள் பரவலாக வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பர்கண்டியில் ரயில் நின்றுபோன ஒரு தடத்தில் கிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. பாதை 1997இல் திறக்கப்பட்டது. லுவார் ஆற்றை ஒட்டிய வழித்தடம் இன்று சுமார் 900 கி.மீ. நீள்கிறது. இத்தகைய பசுமைப் பாதைகளுக்கு 2004இல் சாலை விதித் தொகுப்பிலேயே இடம் கிடைத்தது. 

இந்தப் பாதைகளின் பெரிய பலம் காட்சி இன்பமல்ல, அச்சமின்மை. லாரி ஓடும் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: வேறு வழியில்லாத தொழிலாளி, இல்லையென்றால் துணிச்சலில் திளைக்கும் இளைஞன். லாரியை அகற்றிவிட்டால் பத்து வயதுப் பிள்ளை வருகிறது, எழுபது வயதுப் பாட்டி வருகிறார், புதிதாகக் கற்றுக்கொண்ட பெண் வருகிறார். ஒரு சாலை எல்லோருக்குமானதா என்று அறிய இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சோதனையில் பிரெஞ்சுப் பாதைகள் தேறிவிடுகின்றன.

ஆனால் அந்தப் பாதைகள் எங்கே போடப்பட்டன? ரயில் செத்த இடத்தில். சரக்குப் படகு நின்றுபோன கால்வாய்க் கரையில். வணிகம் விட்டுப்போன தடத்தில்தான் சைக்கிள் வந்து குடியேறியது. அதனாலேயே அமைதி, அதனாலேயே அவற்றில் பல, மக்கள் அன்றாடம் போக வேண்டிய இடங்களுக்குப் போவதில்லை. காரின் பின்புறத்தில் சைக்கிளை மாட்டிக்கொண்டு பாதையின் தொடக்கம் வரை காரிலேயே வருகிறவர்களும் அங்கே உண்டு. போக்குவரத்திலிருந்து தப்பிக்கப் போக்குவரத்தைக் கூட்டும் இந்த வேடிக்கையை அந்தப் பாதைகளின் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

வடசென்னையின் கதை நேர் எதிர். இங்கே வணிகம் சாகவில்லை, பெருத்துக்கொண்டே போகிறது. 1946இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, ஒரு வட்டாரத்துக்கே பெயர் கொடுத்த விம்கோ தீப்பெட்டி ஆலை, மணலியில் எண்ணெய் ஆலை என்று ஆலைகள் வரிசையாக நின்றன. ஷிஃப்ட் சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வருவது இந்த ஊரின் பழைய காட்சி. கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டிலில் பை. சுற்றுலா என்று யாரும் அதைச் சொன்னதில்லை. சைக்கிள் நாகரிகம் என்று ஒன்று சென்னையில் இருந்தால் அதன் வேர் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விலையுயர்ந்த சைக்கிள்களில் மாமல்லபுரம் போகும் கூட்டம் பின்னால் வந்தது.

இன்று அந்தத் தொழிலாளிக்கு எதிரே நிற்பது கன்டெய்னர் ட்ரெய்லர். இதில் இயந்திர நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். அவர் கண்ணுக்கு எட்டாத பகுதி பெரும்பாலும் வண்டியின் இடப்பக்கம். சைக்கிள்காரர் விதிப்படி ஒதுங்கிப் போகிற பக்கமும் அதுவேதான். இடப்பக்கம் திரும்பும்போது நீண்ட ட்ரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போகாமல், மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். ஆக, ஒழுங்காக ஓரமாகப் போனவர்தான் அதிகம் மாட்டுவார். துறைமுக வாயிலுக்காக லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாள்களில் அந்த ஓரமும் கிடையாது. மணலும் ஜல்லியும் எண்ணெய்க் கறையும் மட்டும்தான். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை உள்ளிட்ட ஏறக்குறைய 30 கி.மீ. சாலைகளை அகலப்படுத்தும் எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அகலம் கூடியது கன்டெய்னருக்காகத்தான்.

பிரான்ஸிலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம் என்பதிலும் ஒரு முரண் உண்டு. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கி.மீ. சவாரியின் மரபில் வரும் 'பிரவே' நெடும்பயணங்கள் சென்னைக்கு வந்துவிட்டன. 200, 300, 400, 600 கி.மீ. தூரங்களை நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய இந்தச் சவாரிகள் இங்கே பெரும்பாலும் நெடுஞ்சாலைகளில்தான் நடக்கின்றன. லாரியைச் சகித்துக்கொள்ளும் பிரெஞ்சு வழக்கம் எளிதாக இறக்குமதியானது. லாரியை விலக்கி வைக்கும் பிரெஞ்சு வழக்கம் வந்து சேரவில்லை. முன்னதற்கு ஒரு மன்றமும் மனவுறுதியும் போதும். பின்னதற்கு அரசு நிலம் தர வேண்டும்.

நிலம் இல்லையா? இருக்கிறது. பேசின் பாலத்திலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே புகுந்து எண்ணூர்க் கழிமுகத்தை எட்டுகிறது பக்கிங்ஹாம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் இதன் தொடக்கம். 1876–78 பெரும்பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பில் அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டன; ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆந்திரப் பக்கமிருந்து சவுக்கு விறகும் உப்பும் படகில் வந்தன; காற்று இல்லாத நேரத்தில் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் போக்குவரத்து படுத்துவிட்டது. பிரான்ஸின் கணக்குப்படி பார்த்தால் இது சைக்கிள் பாதைக்கென்றே காத்திருக்கும் கரை. அங்குள்ள பாதைகளில் பலவற்றுக்கு இல்லாத சிறப்பும் இதற்கு உண்டு: தொழிலாளி குடியிருக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் இது நேராகத் தொடுகிறது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. நிலையத்தில் இறங்கி மணலிக்கோ எண்ணூருக்கோ போக வேண்டிய மிச்சத் தூரம் சைக்கிளுக்கே அளந்து வைத்த தூரம்.

இந்த யோசனையில் எனக்கு இரண்டு நெருடல்கள் உண்டு. ஒன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் இந்தக் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவி மீனவர் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அந்தக் கரையில் தரை ஓடு பதித்து, செடி நட்டு, 'பசுமைப் பாதை' என்று பலகை வைத்தால் அது பிணத்துக்குப் பவுடர் பூசும் வேலை.

இன்னொன்று மனிதர்கள். பர்கண்டி ரயில் தடத்தில் குடிசை இல்லை. சென்னையில் கால்வாய்க் கரையும் ஆற்றங்கரையும் ஏழைகளின் முகவரி. நீர்நிலை சீரமைப்பு என்ற பெயரில் கரையோரக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. சைக்கிள் பாதையும் அப்படி ஒரு சாக்காகிவிட்டால், யார் வேலைக்குப் போகப் பாதை கேட்டோமோ அவரையே முப்பது கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டு, அவர் இடத்தில் உல்லாசச் சவாரி விடுவோம். மெரினாவின் அகன்ற மணலும் இதே ரகம்தான். துறைமுகச் சுவர் மணல் ஓட்டத்தைத் தடுத்ததால் தெற்கே கடற்கரை வளர்ந்தது, வடக்கே காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தென்சென்னை உலாவுகிற மணலுக்கு விலை கொடுத்தது வடசென்னை.

தனிப்பாதை முறையின் ஆழமான குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சைக்கிளுக்கு வேறு இடம் கொடுத்துவிட்டோம் என்றதும், சாலை முழுவதும் மோட்டாருக்கே என்று பொறியாளர் மனம் முடிவு கட்டிவிடுகிறது. நகரத்துச் சாலையைப் புதுப்பித்தால் அதிலேயே சைக்கிளுக்கும் வசதி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி, பிரான்ஸ் இந்த ஆபத்தைக் கொஞ்சமாவது தடுத்துக்கொண்டது. சென்னை மாநகராட்சியும் 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. அந்தக் கொள்கையின் சுவடு எண்ணூர் விரைவுச் சாலையில் என் கண்ணில் படவில்லை. இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் அரசு இது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2005 முதல் கொடுத்துவருகிறது. அந்தப் பிள்ளை அதைக் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே பிரெஞ்சுப் பாதையை அப்படியே பெயர்த்து வந்து நடுவதை நான் ஏற்கவில்லை. அதன் அச்சமின்மையை மட்டும் வேண்டும் என்கிறேன். அதற்கு வரிசை முக்கியம். முதலில் சாலையிலேயே லாரி ஏற முடியாத உயரத்தில் தடுப்புக் கட்டி, திருப்பங்களில் தனி சிக்னல் வைத்து, சைக்கிளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அடுத்து கால்வாய்த் தண்ணீர். அதன் பிறகு, கரையில் இருப்பவர்களை அங்கேயே இருத்திவைத்துக்கொண்டு, கரைப் பாதை. மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் முதல் கிலோமீட்டரை எங்கே போடுவது என்று யோசித்தால், பூங்காவைத் தேட வேண்டாம். காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் திருவொற்றியூரை அடுத்த எர்ணாவூரில் வந்து நின்று பார்க்கட்டும்.