புகழ்பெற்ற சோதனைகளும் முதலாண்டு உளவியல் வகுப்பும்

கல்லூரியில் முதன்முதலாக உளவியல் படிப்பவருக்கு அந்தத் துறை பெரும்பாலும் சோதனைகளின் வழியாகத்தான் அறிமுகமாகிறது. எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய், பெட்டிக்குள் அடைபட்ட தார்ன்டைக்கின் பூனை, குச்சிகளை இணைத்து வாழைப்பழத்தை எட்டிய கோலரின் சிம்பன்சி ஆகியவை பி.எட். மாணவர்களுக்கு மனப்பாடம். உளவியலைப் பட்டப்படிப்பாக எடுத்தவர்களுக்கு மில்கிராமின் மின்னதிர்ச்சிக் கருவியும் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையும் சேர்ந்துகொள்கின்றன. ஆசிரியராகவோ செவிலியராகவோ ஆகப்போகும் பலர் இந்த ஒரு தாளுக்குப் பிறகு உளவியலைத் தொடப்போவதில்லை. அவர்கள் எதைக் கொண்டுபோகிறார்கள் என்பது முக்கியம்.

இந்த முறையின் பலம் பெரிது. மனித நடத்தை பற்றி எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவை ஒரு நல்ல சோதனை அசைத்துவிடும். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் வைத்திருந்த கருவியில் 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள் இருந்தன. அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் பங்கேற்பவர் ஒரு விசை மேலே போகவேண்டும். அந்த மனிதர் நடிகர், மின்னதிர்ச்சியும் பொய். விசையை அழுத்துபவருக்கு இரண்டும் தெரியாது. ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசி விசை வரை போவார் என்று உளநல மருத்துவர்கள் கணித்தார்கள். முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் போனார்கள். அதிகாரத்துக்கு மனிதர் எப்படிப் பணிகிறார் என்பதை இவ்வளவு அழுத்தமாக எந்த வரையறையும் சொல்லித்தராது.

குறை அடுத்த வரியில் தொடங்குகிறது. பெரும்பாலான குறிப்பேடுகளில் பாடம் ‘65 விழுக்காடு’ என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. மில்கிராமோ சூழலை மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இதைச் செய்துபார்த்தார். ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் ஆணையிட்டபோது, கடைசி வரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். உடன் இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது 40 பேரில் நால்வர் மட்டுமே தொடர்ந்தார்கள். முதல் எண்ணை மட்டும் படித்தவர் மனித இயல்பே கொடூரமானது என்று நினைப்பார். எல்லா வடிவங்களையும் படித்தவருக்கு, யார் அருகில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மனிதர் மாறுகிறார் என்பது புரியும். பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்த ஜினா பெர்ரி, பங்கேற்றவர்களில் கணிசமானோர் மின்னதிர்ச்சி உண்மையா என்று சந்தேகித்ததையும் வெளிக்கொணர்ந்தார். அதுவும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

கிட்டி ஜெனோவீஸ் கதை இன்னும் தெளிவான உதாரணம். 1964இல் நியூயார்க்கில் அவர் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ஒரு நாளிதழ் எழுதியது. பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. உண்மையில், ஒருவர் சன்னலிலிருந்து கத்தியதும் தாக்கியவன் விலகிப்போனான். இரண்டாம் தாக்குதல் பெரும்பாலோர் கண்ணில் படாத இடத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிர் பிரியும் நிலையில் இருந்தவரைக் கைகளில் தாங்கிக்கொண்டார். 2016இல் அதே நாளிதழ் தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. பலர் சுற்றி இருக்கும்போது உதவ முன்வருவது குறைவது பற்றி, அந்தச் செய்தி தூண்டிய டார்லி, லத்தானே என்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் இன்றும் மதிப்புள்ளவை. ஆனால் மூன்று நாடுகளில் 219 தெருச் சண்டைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவர் குறுக்கிட்டிருந்தார். இதைச் சொல்லாமல் விட்டால், ஆபத்தில் யாரும் உதவமாட்டார்கள் என்ற அவநம்பிக்கையைத்தான் இளைஞர்களுக்குக் கொடுத்தனுப்புகிறோம்.

இன்னொரு கேள்வியும் நம் வகுப்பறையில் எழவேண்டும்: இது யாருடைய மனம்? முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய, தொழில்மயமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் கணக்கிட்டார். அவர்களிலும் கல்லூரி மாணவர்களே மிகுதி. முடிவுகள் நிலைக்குமா என்பதும் கேள்விதான்: 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்தபோது 36 விழுக்காட்டில்தான் தெளிவான முடிவு மீண்டும் கிடைத்தது. துறை தன்னையே இப்படிச் சோதித்துக்கொள்வது அதன் நேர்மைக்குச் சான்று. மாணவரிடம் அதை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

ஆகவே சோதனைகளைப் பாடத்திலிருந்து தூக்கிவிடச் சொல்லவில்லை. அவற்றைப் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை சொல்லவேண்டும் என்கிறேன். மாற்றம் வினாத்தாளிலிருந்து தொடங்கட்டும். ‘மில்கிராம் சோதனை பற்றிச் சிறுகுறிப்பு வரைக’ என்பதற்குப் பதிலாக, ‘தொலைபேசியில் ஆணை வந்தபோது கீழ்ப்படிதல் ஏன் குறைந்தது?’ என்று கேட்டால் நோட்ஸை ஒப்பிக்க முடியாது, யோசித்தாக வேண்டும்.

செய்முறை வகுப்புக்கும் இது பொருந்தும். அம்புமுனைகள் உள்நோக்கியும் வெளிநோக்கியும் அமைந்த இரண்டு சமநீளக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் தோற்றப்பிழையை மாணவர்கள் அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள். புத்தக முடிவுக்கு ஒத்துவராத அளவைத் திருத்தி எழுதும் பழக்கமும் உண்டு. ஆனால் இந்தத் தோற்றப்பிழையின் அளவு சமூகத்துக்குச் சமூகம் மாறுவதை 1966இலேயே சீகலும் உடன் ஆய்வாளர்களும் காட்டிவிட்டார்கள். கலஹாரி பாலைவனத்தின் சான் மக்களிடம் அது ஏறக்குறைய இல்லை. ஒத்துவராத அளவைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு அந்த ஆய்வாளர்கள் காரணம் தேடியதால் கிடைத்த அறிவு அது. நம் மாணவரும் தன் அளவை உள்ளபடி எழுதி, அது ஏன் மாறியது என்று ஒரு பத்தி விளக்கினால், முழு மதிப்பெண்ணை அதற்கே கொடுக்கவேண்டும்.