முடக்குவாத வினாத்தாளின் இந்திய வடிவம்: ஒரு திறனாய்வு

முடக்குவாதத்தின் கடுமையையும் சிகிச்சையின் பலனையும் மூன்று வழிகளில் அளக்கிறார்கள். முதலாவது, ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். இரண்டாவது, வீங்கிய மூட்டுகளையும் அழுத்தினால் வலிக்கும் மூட்டுகளையும் மருத்துவர் எண்ணுவது. மூன்றாவது, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று நோயாளியிடமே கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் இடுவது. இக்கட்டுரை மூன்றாவது வழிக்கு உரிய வினாத்தாளின் இந்திய வடிவத்தை, மதுரை வட்டார வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

தோற்றம்

1949இல் ஸ்டைன்புரோக்கர் குழுவினர் நோயாளிகளின் செயல்திறனை நான்கு வகுப்புகளாகப் பிரித்தனர். எந்த வகுப்பு என்பதை மருத்துவரே முடிவு செய்தார். 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழுவினர் வெளியிட்ட உடல்நல மதிப்பீட்டு வினாத்தாள் அந்தப் பொறுப்பை நோயாளியின் கையில் கொடுத்தது. அதில் எட்டுப் பிரிவுகளில் 20 கேள்விகள் உள்ளன. சிரமமின்றிச் செய்தால் 0, செய்யவே முடியாவிட்டால் 3. மதிப்பெண் கூடக்கூட ஊனம் அதிகம் என்று பொருள்.

அந்த வினாத்தாள் அமெரிக்க வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது. தொட்டியில் குளிப்பது, தட்டில் உள்ள இறைச்சியை வெட்டுவது, அட்டைப்பெட்டிப் பாலைத் திறப்பது, தூசி உறிஞ்சும் கருவியால் வீட்டைச் சுத்தம் செய்வது ஆகியவை அதில் கேள்விகளாக உள்ளன. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வாழும் ஒருவருக்கு இவற்றில் பல வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாத வேலைகள்.

இந்திய வடிவம்

ஏ. குமார், ஏ. என். மாளவியா முதலியோர் உருவாக்கிய இந்திய வடிவம் 2002இல் 'ருமட்டாலஜி' இதழில் வெளியானது. அதில் 12 கேள்விகளே உள்ளன. சேலை, சல்வார், வேட்டி உடுத்துதல், ஆட்டோவில் ஏறி இறங்குதல், காய்கறிச் சந்தைக்குப் போய் வாங்குதல், மூன்று கிலோமீட்டர் நடத்தல் ஆகியவை புதிய முகத்தோடு வந்தன. எல்லாவற்றிலும் முக்கியமானது, கழிப்பறையில் குந்துவது அல்லது தரையில் சம்மணமிட்டு உட்காருவது பற்றிய கேள்வி. நாற்காலி உயரத்தில் உள்ள கழிப்பறையை மட்டும் கேட்ட பழைய வினாத்தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர், நம் ஊர்க் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாதவராக இருக்கலாம். அந்தத் துன்பத்தைக் கணக்கில் சேர்த்தது இவ்வடிவத்தின் பெரும் பணி. 12 கேள்விகளைச் சில நிமிடங்களில் கேட்டுவிடலாம் என்பதால், கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

குறைகள்

முதற்குறை அந்தச் சிறந்த கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு கேள்வியில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்பது வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த விதி. குந்தும்போது முழங்கால் முழுதும் மடங்குகிறது, கணுக்கால் உடல் எடையைத் தாங்குகிறது. சம்மணமிடும்போது இடுப்பு மூட்டு வெளிப்புறமாகத் திரும்புகிறது. ஒன்றைச் செய்ய முடிந்து மற்றொன்றைச் செய்ய முடியாதவருக்கு எந்த மதிப்பெண் இடுவது? 'அல்லது' என்ற ஒரு சொல் இரண்டு இயலாமைகளை ஒன்றாக்கிவிடுகிறது.

இரண்டாவது குறை விரல்களைப் பற்றியது. முடக்குவாதம் பெரும்பாலும் கைவிரல்களின் சிறு மூட்டுகளில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. ஆனால் 12 கேள்விகளில் கைக்கு உரியவை குழாய் திருகுதல், தம்ளரைத் தூக்குதல், உடுத்துதல், குனிந்து துணியை எடுத்தல் போன்றவையே. சோற்றைப் பிசைந்து உண்பது, கஞ்சி வடிப்பது, துணி பிழிவது எதுவும் இல்லை, சமையலறையே இல்லை. மல்லிகை கட்டுபவருக்கும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவருக்கும் விரல் நுனிதான் வருமானம். தம்ளரைத் தூக்க முடிந்த கையால் நுண்ணிய முடிச்சைப் போட முடியாமல் போகலாம். அப்போது கூலி குறையும், மதிப்பெண் அசையாது.

மூன்றாவது குறை நேரத்தைப் பற்றியது. இந்நோயின் அடையாளமே காலையில் மூட்டுகள் பிடித்துக்கொள்வதுதான். 1987ஆம் ஆண்டின் அமெரிக்க வரையறையில் ஒரு மணி நேரமாவது நீடிக்கும் காலைப் பிடிப்பு ஓர் அறிகுறியாக இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டின் புதிய வரையறையில் அது நீக்கப்பட்டது. வினாத்தாளோ 'முடிகிறதா' என்று கேட்கிறது, 'எத்தனை மணிக்கு' என்று கேட்பதில்லை. மல்லிகை மொட்டை விடிகாலையில் பறித்தால்தான் சந்தைக்கு ஆகும். பத்து மணிக்கு மேல் எல்லா வேலையும் செய்யக்கூடிய ஒருவர் வினாத்தாளில் நலமானவர். தோட்டத்திலோ அன்றைய கூலியை இழந்தவர்.

மூட்டுகளை எண்ணும் முறை இக்குறைகளை ஈடு செய்யுமா? பரவலாகப் பயன்படும் டாஸ்-28 என்ற அளவு தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் ஆகிய 28 மூட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. கணுக்காலும் பாதமும் அதில் இல்லை. வைகைப் பாசனத்தில் சேற்றில் நின்று நாற்று நடுபவரின் பாதம் வீங்கியிருந்தாலும் அவருடைய டாஸ்-28 மதிப்பு 2.6க்குக் கீழே இருக்கலாம். அந்த எண்ணுக்கு 'நோய் தணிந்த நிலை' என்று பெயர்.

மொழியும் கவனத்திற்கு உரியது. 'விறைப்பு' என்பது புத்தகத் தமிழ். மக்கள் 'பிடிச்சுக்கிட்டு இருக்கு' என்பார்கள். வலிக்குக் கடுப்பு, குடைச்சல், குத்தல், உளைச்சல் என்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் பத்துக்குப் பத்து என்பது வெற்றி. வலி அளவில் பத்து என்பது தாங்க முடியாத துன்பம். இதை விளக்காமல் எண்ணைக் கேட்டால் விடை தலைகீழாக வரவும் கூடும்.

மாற்று வழி

ஊருக்கு ஒரு வினாத்தாள் எழுதினால் மதுரை நோயாளியை டெல்லி நோயாளியோடு ஒப்பிட முடியாது, மருந்து ஆய்வுகளும் நடக்காது என்ற வாதம் நியாயமானது. ஆகவே 12 கேள்விகளையும் கைவிட வேண்டியதில்லை. அவற்றோடு நோயாளி சொந்தமாகச் சொல்லும் ஓரிரு வேலைகளைச் சேர்க்கலாம். கனடாவில் பீட்டர் டக்வெல் குழுவினர் 1987இல் வெளியிட்ட மாக்டார் முறை இதைத்தான் செய்கிறது: நோயால் எந்த வேலைகள் தடைப்பட்டன, அவற்றில் எது சரியாக வேண்டும் என்று நோயாளியையே கேட்டு, அடுத்த வருகையில் அதே வேலைகளைப் பற்றி மீண்டும் விசாரிக்கிறது. அளவுகோல்களை வகுக்கும் ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பின் கூட்டத்தில் நோயாளிகள் முதன்முதலாகப் பங்கேற்றதும் இந்திய வடிவம் வெளிவந்த அதே 2002இல்தான்.

மதிப்பீடு

மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்பதை இன்று இத்தகைய எண்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். எனவே வினாத்தாளில் இடம்பெறாத துன்பம் சிகிச்சையிலும் இடம்பெறாமல் போகக்கூடும். இந்திய வடிவம் அமெரிக்க வீட்டிலிருந்து நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. அடுப்படிக்கும் பூந்தோட்டத்திற்கும் அது இன்னும் வர வேண்டும். அதுவரை, 'எந்த வேலை முடியாததால் உங்களுக்கு அதிகக் கஷ்டம்?' என்ற பதின்மூன்றாவது கேள்வியை மருத்துவர் கேட்கலாம். கேட்காவிட்டால் நோயாளி தாமாகவே சொல்லலாம்.