வெல்ஸ் கண்ட அணுயுகம்

இலக்கியம் வாழ்க்கையிலிருந்து பிறப்பது என்பதை நாம் பலமுறை வற்புறுத்தி வந்துள்ளோம். ஆயின் ஒரு நாவல் விஞ்ஞானியொருவரின் கையிற் சேர்ந்து, அவர் சிந்தனையைத் தூண்டி, வரலாற்றின் போக்கிலே பங்குகொள்வது அரிதாகவே நிகழ்கிறது. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1914 இல் வெளியிட்ட 'தளையறுந்த உலகம்' அத்தகையதொரு நாவல். 'அணுகுண்டு' எனுஞ் சொல் ஹிரோஷிமாவின் அழிவுக்கு 31 ஆண்டுகளுக்கு முன்னரே அந்நூலில் இடம்பெற்றுவிட்டது. தீர்க்கதரிசனம் என்று வியந்து பாராட்டுவோர் பலர். எதை அவர் சரியாகக் கண்டார், எதைக் காணத் தவறினார் என ஆராய்வதே எமக்குப் பயனுடையது.

வெல்ஸ் வெறுங் கற்பனையை நம்பி எழுதியவரல்லர். ரேடியம் பற்றிப் பிரெடரிக் சொடி எழுதிய விரிவுரை நூலே அவருக்கு ஆதாரம். தமது நாவலையும் அந்நூலுக்கே காணிக்கையாக்கினார். சில மூலகங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறு மூலகமாக மாறுகின்றன. அவ்வேளை சக்தி வெளிப்படுகிறது. இதுவே கதிரியக்கம். ஒரு குறித்த அளவு பொருளிற் பாதி சிதைவதற்குச் செல்லுங் காலம் அதன் அரைவாழ்வுக் காலம். ரேடியத்துக்கு அது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். யுரேனியம்-238 க்கோ ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள். சூடாக்கினாலும் அமுக்கினாலும் இவ்வேகம் மாறுவதில்லை. அணுவினுள் பெருஞ்செல்வம் இருக்கிறது. ஆனால் இயற்கை அதனைச் சிறுகச் சிறுகவே செலவிடுகிறது. அச்செலவை விரைவுபடுத்தும் வழியை மனிதன் கண்டால் என்ன நிகழும் என்பதே நாவலின் வினா.

அவர் புனைந்த குண்டு ஒரே கணத்தில் வெடித்தடங்குவதில்லை. நாட்கணக்காக எரிந்துகொண்டே இருக்கிறது. அதிலுள்ள பொருளின் அரைவாழ்வுக் காலம் 17 நாட்கள். இஃது ஆசிரியரின் அறியாமையன்று. அக்கால விஞ்ஞானத்தின் எல்லை. அணுவின் நடுவே கரு உண்டென்பதை ரதர்போர்ட் 1911 இல் நிறுவியிருந்தார். ஆயினும் அக்கருவைத் திறக்குந் திறவுகோலாகிய நியூத்திரனை சட்விக் கண்டுபிடித்தது 1932 இலேயாகும். மின்னேற்றம் அற்ற துணிக்கையாதலால் அது கருவினாலே தள்ளப்படாது உட்புகவல்லது.

அதே 1932 இல் பெர்லினில் வெல்ஸின் நாவலை வாசித்தார் ஹங்கேரிய விஞ்ஞானி லியோ ஸிலார்ட். நாஸிகளிடமிருந்து தப்பி இலண்டனை அடைந்த அவருக்கு 1933 இல் ஓர் எண்ணம் உதித்தது. ஒரு நியூத்திரனை ஏற்றுப் பிளக்கும் கரு இரண்டு நியூத்திரன்களை வெளிவிடுமாயின், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இதுவே சங்கிலித் தாக்கம். அதற்கேற்ற மூலகம் எதுவென அவர் அன்று அறியார். 1938 இன் இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திற் கண்ட விளைவைக் கருப்பிளவென லீஸே மைட்னரும் பிரிஷும் விளக்கினர். 1942 டிசெம்பர் 2 ஆம் நாள் சிக்காகோவில் முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட சங்கிலித் தாக்கம் நடைபெற்றது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் 2,500 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரித்த வெப்பம் கிடைக்கும். ஹிரோஷிமாவிற் பிளவுற்ற யுரேனியம் ஒரு கிலோகிராமிலும் குறைவு. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர்.

வெல்ஸின் பௌதிகக் குறைபாட்டைக் காலம் திருத்தியது. அவரது சமூக நோக்கின் குறைபாடு அவ்வளவு எளிதில் மன்னிக்கத்தக்கதன்று. நாவலின் முற்பகுதியில் அவர் பார்வை கூர்மையாகவே இருக்கிறது. அணு இயந்திரம் 1953 இல் வழக்கிற்கு வருகிறது. உடனே சுரங்கங்கள் மூடப்படுகின்றன, வேலையற்றோர் இலண்டன் வீதியில் ஊர்வலமாகச் செல்கின்றனர். உற்பத்திச் சக்தி பெருகியும் உழைப்பவன் பட்டினி கிடக்கும் முரண்பாட்டை இவ்வாறு தெளிவாகச் சித்திரித்தவர், அதற்குத் தீர்வு காணுமிடத்துத் தடுமாறிவிடுகிறார். 1956 ஆம் ஆண்டுப் போரில் நகரங்கள் அழிந்தபின், சுவிற்சர்லாந்தின் பிரிஸாகோவில் அரசர்களும் அதிபர்களும் கூடித் தம் அதிகாரத்தைத் தாமாகவே துறந்து உலக அரசொன்றை நிறுவுகின்றனர். எக்பேர்ட் என்ற இளம் அரசன் முடியைத் துறக்கிறான். வீதியிற் கண்ட வேலையற்றோருக்கு அம்மகாநாட்டில் இடமில்லை. அழிவே ஆள்வோருக்கு ஞானம் புகட்டிவிடுமென அவர் நம்பினார்.

வரலாறு வேறு விடை தந்தது. 1945 ஜூலையில், யப்பானுக்குச் சரணடைய வாய்ப்பளியாது குண்டை வீசலாகாதென ஸிலார்ட் எழுதிய விண்ணப்பத்தில் 70 விஞ்ஞானிகள் ஒப்பமிட்டனர். குண்டு வீழ்வதற்குமுன் அது ஜனாதிபதி ட்ரூமனின் பார்வைக்கு எட்டவேயில்லை. நாவல் குறித்த அதே 1956 இல் பிரித்தானியா கல்டர் ஹோல் அணுமின் நிலையத்தைத் திறந்து, சமாதான யுகத்தின் தொடக்கமெனக் கொண்டாடியது. அதன் தலையாய நோக்கமோ குண்டுக்கான புளுத்தோனியத்தை ஆக்குவது.

எனவே அணுவையே பழிப்பது பேதைமை. கோபாற்று-60 இன் கதிர்களைக் கொண்டு 1951 இல் கனடாவிலே புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கிற்று. 8 நாள் அரைவாழ்வுக் காலமுடைய அயடீன்-131, தைரொயிட் சுரப்பியின் நோயைத் தீர்க்கிறது. காபன்-14 புதையுண்ட மரத்தின் வயதைச் சொல்கிறது. அரைவாழ்வு என்ற ஒரே கருத்துத்தான் மருத்துவனுக்கு மருந்தின் அளவையும் தொல்பொருளாய்வாளனுக்குக் காலத்தையும் காட்டுகிறது. அணு உலைக் கழிவை எத்தனை தலைமுறை காத்திருக்கவேண்டும் என்பதையும் அதுவே எமக்கு உணர்த்துகிறது. அறிவு ஒன்றே, அதனை யார் கையாளுகின்றனர், யார் நலனுக்காகக் கையாளுகின்றனர் என்பதே வேறுபாடு.

வெல்ஸ் காணத் தவறிய மாந்தர் பின்னர் மேடைக்கு வந்தனர். 1954 இல் பிக்கினிப் பரிசோதனையின் சாம்பல் யப்பானிய மீன்பிடிக் கலமொன்றின் மீது படிந்தது. அதன்பின் டோக்கியோவின் சுகினாமிப் பகுதியிற் குடும்பப் பெண்கள் முன்னின்று தொடங்கிய இயக்கம் 3 கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. 1956 இல், பிரிஸாகோவில் அரசர்கள் கூடினார்களில்லை. நாகசாக்கியில் குண்டுக்குத் தப்பியோர் கூடித் தமக்கோர் அமைப்பைக் கண்டனர். 2017 இல் அணு ஆயுதத் தடை உடன்படிக்கை நிறைவேறியதில் அவர்களது சாட்சியத்துக்குப் பங்குண்டு. 2024 இல் அவ்வமைப்புக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் ஒன்றேனும் அவ்வுடன்படிக்கையில் இணையவில்லை.

ஆகையால் இந்நாவலை ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிக்கவேண்டும் என்போம். விஞ்ஞான வகுப்பிலும் இலக்கிய வகுப்பிலும் ஒருங்கே வாசிக்கவேண்டும் என்போம். கருப்பிளவுச் சமன்பாட்டை மனனஞ் செய்த மாணவன் அதன் சமூக விளைவை அறியாதிருப்பதும், போரைக் கண்டித்துக் கவிதை பாடுபவன் நியூத்திரன் யாதென அறியாதிருப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள். அணுவைப் பற்றிய முடிவுகளை நிபுணரிடமும் ஆள்வோரிடமும் விட்டுவிடலாமென்ற மனப்பான்மை அக்குறையிலிருந்தே வளர்கிறது. அரசர்கள் தாமாக முடி துறப்பார்களெனக் காத்திருந்த நாவலாசிரியரின் பிழையை வாசகராகிய நாமும் செய்தலாகாது.