மாயர் கற்றூண்களும் புகைப்படக் கண்ணும்

1830களிற் பலெங்கே சென்ற வால்டெக், அங்குள்ள எழுத்துருக்களில் யானைத் தலைகளைக் கண்டு வரைந்தார். யானை அந்நிலத்து விலங்கன்று. மாயர் நாகரிகத்துக்குப் பழைய உலகிலே மூலந்தேடிய கருத்துநிலை, ஓவியரின் கைக்கு முன்னே சென்றுவிட்டது. இத்தகைய வரைபுகளோடு ஒப்புநோக்கும்போதே அல்பிரட் மோட்ஸ்லேயின் புகைப்படங்களின் பெறுமதி புலனாகின்றது.

1881இல் குவாத்தமாலாவின் கிரிகுவாவை அடைந்த மோட்ஸ்லே, பாசி மூடிய கற்றூண்களைத் துப்புரவாக்குவித்து உலர்தட்டுக் கமராவினாற் படம்பிடித்தார். பின்னர் பரிஸ் சாந்தினாலும் ஈரத்தாளினாலும் அச்சுகள் எடுப்பித்தார். 1889 முதல் 1902 வரை வெளிவந்த அவரது தொகுதிகளில் இப்படங்களோடு அனி ஹண்டரின் கோட்டுருவங்களும் இடம்பெற்றன. அவ்வெழுத்துக்களை அன்று எவராலும் முழுமையாக வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடியாததையும் தெரிவுசெய்யாது பதிந்தமையே புகைப்படத்தின் பலமாயிற்று. தெயோபேர்ட் மாலர் பியத்ராஸ் நெக்ராஸில் எடுத்த படங்கள் 1901இல் வெளியாகின. 1960இலே தத்தியானா புரொஸ்கூரியாகோவ் அவ்விடத்துக் கற்றூண்களின் காலக்குறிப்புகளை ஆராய்ந்து, அவை அரசரின் பிறப்பையும் அரியணையேற்றத்தையும் கூறுவன என நிறுவினார். காலக்கணிப்பிலும் வானியலிலும் மூழ்கிய பூசகர் சமுதாயம் என்ற கற்பனை அத்துடன் ஆட்டங்கண்டது. மாயர், அரசும் போரும் வாரிசுரிமையும் உடைய வரலாற்று மாந்தராயினர்.

ஆயினும், கல்லைப் பற்றிய இந்தப் புறநிலைமை மனிதரைப் பற்றியதாக விரியவில்லை. கிரிகுவாவின் 'ஈ' எனக் குறிக்கப்படும் தூண் பத்து மீற்றருக்கு மேல் உயர்ந்தது. இத்தகைய தூண்களின் அருகே உள்ளூரார் நிற்கும் படங்களில், அவர்கள் பெரும்பாலும் உயரத்தைக் காட்டும் அளவுகோல்களே. தாளச்சு எடுத்த கொர்கோனியோ லோப்பஸையும் அவர் சகோதரரையும் மோட்ஸ்லே பெயர்சுட்டிப் போற்றினார் என்பதை மறுப்பதற்கில்லை. காடு வெட்டியோரும் சுமை தூக்கியோருமோ பெயரற்றவராகவே எஞ்சினர். 'மறைந்த நாகரிகம்' என்னும் தொடர் புழங்கிய அதேவேளை, மாய மொழிகளைப் பேசுவோர் அந்நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தனர்; இன்றும் இருபதுக்கு மேற்பட்ட மாய மொழிகள் அங்கு வழங்குகின்றன.

யாஷ்சிலான் இன்னுமொரு சான்று. 1882இல் அங்கு சென்ற சார்ணே, தமக்குப் பணமுதவிய புகையிலை வணிகரின் பெயரையே அந்நகருக்குச் சூட்டினார். (அப்பெயர் நிலைக்காமை ஆறுதலே.) அவ்வாண்டிலேயே மோட்ஸ்லே, அரசியொருத்தி தன் நாவினூடே முட்கயிறு இழுக்கும் காட்சி பொறித்த வாயில் உத்தரக்கல்லைப் பெயர்ப்பித்து, பாரங் குறைப்பதற்காகப் பின்புறத்தைச் செதுக்குவித்து இலண்டனுக்கு அனுப்பினார். படியெடுப்பதில் அத்துணை வல்லவருக்கு மூலமும் வேண்டியிருந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கல் பிரித்தானிய நூதனசாலையிலேயே இருக்கின்றது.