நடராஜர் எவ்வளவு உயரம்?

கலை வரலாற்று வகுப்பில் ஒரு மாணவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கரிய பின்னணியில் சோழர் கால நடராஜர். திருவாசியின் சுடர்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. "இவர் எவ்வளவு உயரம் இருப்பார்?" என்று கேட்டேன். தன் தோள்வரை கையை உயர்த்திக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவன் இன்னும் கொஞ்சம் மேலே காட்டினான். அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நடராஜர். உயரம் 68.3 சென்டிமீட்டர் என்று அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. தரையிலிருந்து அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தோம். அவள் போய் அதன் அருகில் நின்றாள். கோடு அவள் இடுப்பைக்கூட எட்டவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பல வாரம் வரைந்தவள் அவள். பார்வையில் குறை சொல்ல முடியாது. யார் யாரோ படங்களை ஒட்டிவைக்கும் தளம் ஒன்றிலிருந்து அதை எடுத்திருந்தாள். கை மாறி வந்த வழியில் அளவும், ஆண்டும், அருங்காட்சியகத்தின் பெயரும் உதிர்ந்துபோயிருந்தன.

இணையத்தில் கலை படிப்பது நம்மிடையே பெரும்பாலும் இணையத்தில் படம் பார்ப்பதாகவே நின்றுவிடுகிறது. படத்தைவிட, படத்தோடு சேர்ந்த பதிவைத் தேடும் பழக்கம்தான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், இணையம் கொடுத்திருப்பதை மனதாரச் சொல்லிவிட வேண்டும். கொடுத்தது கொஞ்சநஞ்சம் அல்ல.

நான் படித்த காலத்தில் கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தியின் நூல்களைப் பார்ப்பதற்கு நூலகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்தாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான், அதுவும் முன்பக்கத் தோற்றம் மட்டும். இன்று நிலைமை வேறு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012-ல் தன் படங்களை உயர்ந்த தரத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. மெட்ரோபாலிட்டன் 2017-லும், கிளீவ்லாண்ட் அருங்காட்சியகம் 2019-லும் காப்புரிமை இல்லாத பொருள்களின் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டன. கட்டணம் கிடையாது, அனுமதிக் கடிதம் கிடையாது. ஒரு திருமேனியின் முதுகைப் பார்க்க முடிகிறது என்பதே எனக்கு இன்றும் பெரிய சங்கதி. கோயிலில் உற்சவரை முன்னால் நின்று சேவிக்கலாம். பட்டுக்கும் மாலைக்கும் நடுவில் முகமும் கையும் தெரியும், அவ்வளவுதான். தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரம், பிடரியில் புரளும் சுருள்முடி, இடுப்பு ஆடையின் முடிச்சு விழும் விதம் ஆகியவற்றை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைப் பற்றி வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை ஒரு மாணவர் தன் கண்ணாலேயே சரிபார்க்க இப்போது வழி இருக்கிறது.

போய்ப் பார்க்கவே முடியாத இடங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஈரமும் மூச்சுக்காற்றும் ஓவியத்தை அரிக்கும் என்பதால் அது சரியும்கூட. அங்கே படம்தான் நமக்குத் தரிசனம்.

நூல்களையும் விரிவுரைகளையும் சொல்ல வேண்டும். டி.ஏ. கோபிநாத ராவ் 1914-லும் 1916-லும் வெளியிட்ட இந்துப் படிமவியல் தொகுதிகள் இணைய ஆவணக் காப்பகத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. வித்யா தெஹேஜியா சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 2016-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் நிகழ்த்திய மெல்லன் சொற்பொழிவுகளைக் காசு கொடுக்காமல் கேட்கலாம். செம்பு எங்கிருந்து வந்தது, முத்து எங்கிருந்து வந்தது, ஒரு திருமேனியைச் செய்யப் பணம் கொடுத்தவர் யார் என்று அவர் கேட்கும் கேள்விகள் படத்தில் இல்லை. கலை வரலாறு தொடங்குவதே அந்தக் கேள்விகளில்தான். தமிழில் கேட்க விரும்புவோருக்குத் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையின் காணொளி உரைகள் இருக்கின்றன. மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். ஒரு படத்தைத் தேடும் முன் ஓர் உரையைக் கேளுங்கள், எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

தேடுபொறியில் ஓவியத்தின் பெயரைப் போட்டால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் நகலின் நகல். வெர்மீர் வரைந்த 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்துக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. அது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல்கள் இணையத்தில் பத்தாயிரத்துக்கு மேல் உலவின. பலவும் மஞ்சள் பாய்ந்தவை. கடைசியில், அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள் அது மூல ஓவியத்தின் நிறம் அல்ல என்று நினைக்கும் நிலை வந்தது. யூரோப்பியானா அமைப்பு 2011-ல் ஓர் அறிக்கைக்கு இந்த ஓவியத்தின் பெயரையே வைத்தது. நல்ல படத்தைப் பூட்டிவைத்தால் கெட்ட படம் ஊரை ஆளும் என்று அருங்காட்சியகங்களுக்குப் புரிய வைத்ததில் அந்த மஞ்சள் நிறத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அவை கதவைத் திறந்த பிறகும் பழைய மஞ்சள் நகல்கள் போய்விடவில்லை. மாணவர்கள் இன்றும் அவற்றைப் பார்த்துத்தான் வெர்மீரின் மஞ்சளைப் பற்றி எழுதுகிறார்கள்.

நிறம் போவதைவிட எனக்கு வருத்தம் தருவது, பொருள் தன் இடத்தை இழப்பது. செப்புத் திருமேனியின் பீடத்தில் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும். திரையில் பார்க்கும் புதியவருக்கு அவை சேதம் போலத் தெரியும். ஒரு மாணவர் தன் வரைபடத்தில் அவற்றை அடைத்தே விட்டார், அழகு கெடுகிறது என்று. கழியைச் செருகி, சீபாதந்தாங்கிகள் தோளில் தூக்கிக்கொண்டு வீதி உலா போவதற்கான துளைகள் அவை. அந்தத் துளை தெரிந்தால் திருமேனியைப் பற்றி நாம் நினைப்பது முழுக்க மாறும். அது அசையாமல் நிற்கச் செய்த சிற்பம் அல்ல. தீவட்டி வெளிச்சத்தில், அசைந்து அசைந்து, கீழிருந்து அண்ணாந்து பார்க்கச் செய்தது. தேய்ந்த மூக்கும் மழுங்கிய கண்ணும் தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகத்தின் தடம். அருங்காட்சியக ஒளிப்படக்காரர் கறுப்புத் திரையைக் கட்டி, பக்கவாட்டில் விளக்கு வைக்கும்போது இவ்வளவும் மறைந்து ஒரு தனிச் சிற்பம் பிறக்கிறது. அந்தப் படம் பொய் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு வாசிப்பு. அதை ஒரே வாசிப்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இன்னொன்று, எளிதாகக் கிடைப்பதே சிறந்தது என்று ஆகிவிடுகிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜரைவிட நியூயார்க், கிளீவ்லாண்ட் நடராஜர்களை என் மாணவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். எழும்பூர் வகுப்பிலிருந்து ஒரு பேருந்துப் பயணம். எங்கே தெளிவான படம் இருக்கிறதோ அங்கேதான் பாடம் நடக்கிறது. இதற்கு மாணவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தருவது போன்ற தெளிவான படமும், அளவும், எண்ணும் நம் ஊர்ச் சேகரங்களுக்கும் ஒரே இடத்தில் கிடைத்தால் அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்?

சொற்களும் தடுக்கின்றன. 'ஐம்பொன் சிலை' என்று தமிழில் தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் திருட்டுச் செய்தி, விற்பனை விளம்பரம். அருங்காட்சியகப் பட்டியல்களில் அதே பொருள் ஆங்கிலத்தில் 'காப்பர் அலாய்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஊர்ப் பெயர் அதைவிடச் சிக்கல். திருவாலங்காட்டை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். 'திரு'வில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் தேடல் கைவிரித்துவிடும். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் நான் கண்ட வழி. அலுப்பான வேலைதான், ஆனால் பலன் தரும்.

எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது, அருங்காட்சியகப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளும் பழக்கம். மெட்ரோபாலிட்டன் நடராஜரின் எண் 1987.80.1. அந்தப் பொருள் 1987-ல் அங்கே வந்து சேர்ந்தது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. கிளீவ்லாண்ட் நடராஜரின் எண் 1930.331. தலைப்பு மாறலாம், கால மதிப்பீடு மாறலாம், தளத்தின் முகவரி மாறலாம். எண் மாறாது. அதைத் தேடுபொறியில் போட்டால் நகல்களையெல்லாம் தாண்டி நேரே மூலப் பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே அளவு, பொருள், கொடையாளர் பெயர், கைமாறிய வரலாறு எல்லாம் இருக்கும்.

இப்படிப் பதிவது புதிய வழக்கமும் அல்ல, மேல்நாட்டு வழக்கமும் அல்ல. முதலாம் ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் மற்றவர்களும் தஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை இருக்கின்றன, அதுவும் இணையத்திலேயே கிடைக்கிறது. பாதாதிகேசாந்தம் இத்தனை விரல் உயரம், இத்தனை கை, பீடம் இவ்வளவு, திருவாசி இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், அணிவித்த நகையில் முத்து இத்தனை என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அளக்கப் பயன்பட்ட முழக்கோலையும் சொல்லத் தவறவில்லை. இப்படி 60-க்கும் மேற்பட்ட திருமேனிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. திருமேனி போய்விட்டது, பதிவு நின்றது. நம் கைப்பேசியில் நடப்பது அதற்கு நேர்மாறு.

பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரைச் சொல்லலாம். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து களவுபோன அந்தத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த படங்கள் உண்மையைக் காட்டின. 2014-ல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வார் திருமேனி 1967-ல் ஏலத்தில் வாங்கப்பட்டது. அதே திருமேனி சவுந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருப்பதைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் படம் ஒன்று அதே புதுச்சேரி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 2019-ல் ஓர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார். 2024-ல் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அந்தக் காப்பகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. கோயிலின் இருட்டறையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அழகுக்காக எடுத்தவை அல்ல, ஆனால் ஒவ்வொன்றின்மேலும் ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் இருக்கும்.

கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். எந்த அறையில் எந்தப் பூட்டு என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் பூட்டிக் கிடந்த கோயிலிலும் களவு நடந்தது, மீட்டுக் கொடுத்தது படம்தான். படமும் அளவும் இல்லாத திருமேனி ஏதோ ஒரு நாட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், அது நம்முடையது என்று எதைக் காட்டிக் கேட்பது?

அதனால் என் வகுப்பில் குறிப்பேட்டின் முறையை மாற்றினோம். படத்தை ஒட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆறு கட்டங்கள்: எங்கே இருக்கிறது, பதிவு எண், உயரம், பொருள், அங்கே வந்த ஆண்டு, எந்தக் கோயில். சென்ற மாதம் அந்த மாணவி தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பன்னிரண்டு நடராஜர்கள், பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் பக்கத்தில் தன் உயரத்தையும் சின்னக் கோடாக வரைந்திருந்தாள். முதல் ஐந்து கட்டங்களும் எல்லாப் பக்கங்களிலும் நிறைந்திருந்தன. ஆறாவது கட்டம் மூன்று பக்கங்களில் மட்டும் மையில் எழுதியிருந்தது. மற்ற ஒன்பதிலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. "இதற்கு எங்கே சார் தேடுவது?" என்றாள். புதுச்சேரிக் காப்பகத்தைத் திறந்து, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து தொடங்கினோம்.