ஐசானுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

இரங்கல் குறிப்பு எழுதுவது கஷ்டமான கலை. நம்பிக்கை இல்லாவிட்டால் தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படித்துப் பாருங்கள். இறந்த எல்லோருமே பண்பாளர்கள். எல்லோருமே ஈடு செய்ய முடியாத இழப்பு. கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், சிலசமயம் போட்டோவுடன். போனவர் எப்படிப்பட்ட மனுஷர், முன்கோபியா, சாதுவா, எதனால் போனார்... மூச்! பெயரை மட்டும் மாற்றினால் அதே போஸ்டர் அடுத்த வாரம் இன்னொருவருக்கு ஆகும்.

அப்படி வேறு யாருக்கும் மாற்றிப் போட முடியாத ஒரு இரங்கல் குறிப்பைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன். போனது ஆள் இல்லை, வால்நட்சத்திரம். பெயர் ஐசான். எழுதியவர் கார்ல் பேட்டம்ஸ். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்து வானியலாளர். சூரியனை உரசிக்கொண்டு போகும் வால்நட்சத்திரங்களைக் கவனிப்பதுதான் அவர் தொழில். சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஐசான் சிதறிப்போன சில நாட்களில், டிசம்பர் 2013-ல், இதை எழுதினார். மொத்தம் ஒரு பக்கம்கூட வராது.

முதலில் போனவரின் பூர்வீகம். 2012 செப்டம்பர் 21 அன்று, ரஷ்யாவில் கிஸ்லவோட்ஸ்க் என்ற ஊருக்கு அருகே, 40 சென்டிமீட்டர் டெலஸ்கோப் எடுத்த படங்களில் விட்டாலி நெவ்ஸ்கி, ஆர்ட்யோம் நோவிச்சொனோக் என்ற இருவர் ஒரு மங்கல் புள்ளியைப் பார்த்தார்கள். வால்நட்சத்திரத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது வழக்கம். இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பல் சுளுக்கிக்கொள்ளும். நல்லவேளையாக அவர்கள் சார்ந்திருந்த ஆய்வு அமைப்பின் முதலெழுத்துகள் பெயராயின. ஐசான்.

அப்போது அது வியாழனுக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்திலேயே கண்ணில் படுகிறதே, கிட்டே வந்தால்? கணக்குப் போட்டார்கள். 2013 நவம்பர் 28 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 12 லட்சம் கிலோமீட்டருக்குள் போகும் என்று தெரிந்தது. பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு, அவ்வளவுதான். சூரியன் விஷயத்தில் இது அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்ப்பது மாதிரி. பத்திரிகைகளுக்குக் கை அரித்தது. 'நூற்றாண்டின் வால்நட்சத்திரம்' என்றார்கள். முழு நிலவைவிடப் பிரகாசமாக ஜொலிக்கும் என்றார்கள். 1973-ல் கோஹௌடெக் என்ற வால்நட்சத்திரத்துக்கும் இதே பட்டம் கொடுத்து, அது சப்பென்று போனது யாருக்கும் நினைவில் இல்லை.

அந்த நாளும் வந்தது. ஐசான் அப்போது விநாடிக்குச் சுமார் 375 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அதாவது சென்னையில் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் திருச்சியைத் தாண்டியிருக்கும். சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் விண்கலங்களில் ஒன்றின் படத்தில் ஐசானைக் காணோம். 'போச்சு' என்று அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் சூரியனின் மறுபக்கத்திலிருந்து ஏதோ ஒன்று விசிறி மாதிரி எட்டிப் பார்த்தது. 'இருக்கு, இருக்கு!' என்றார்கள். இரண்டு மூன்று நாட்களில் அதுவும் மங்கித் தூசாகிவிட்டது. டிசம்பர் 18 அன்று ஹப்பிள் தேடிப் பார்த்தது. ஒன்றுமில்லை. சில மணி நேரம் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் நிலைமைதான் உலகத்து வானியலாளர்களுக்கு.

நம் பெரியவர்கள் வால்நட்சத்திரத்தைத் தூமகேது என்பார்கள். அது தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். இந்த முறை அரசர்கள் எல்லோரும் சௌக்கியம், தூமகேதுதான் போய்ச் சேர்ந்தது.

இப்போது குறிப்புக்கு வருவோம். பேட்டம்ஸ் செய்தது ஒரே ஒரு காரியம். செய்தித்தாளில் பெரிய மனிதர்களுக்கு எழுதும் இரங்கல் செய்தியின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். பிறப்பு, இளமை, தொழில், குணநலன், மறைவு, குடும்பம். அதில் அவர் போட்டதெல்லாம் விஞ்ஞானம்.

வயது 450 கோடி ஆண்டு. சின்ன வயதில் கூடப்பிறந்தவர்களிடம் இடியும் அடியும் வாங்கி வளர்ந்தார் என்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் சூரியக் குடும்பம் பிறந்தபோது பனிக்கட்டிகளும் பாறைகளும் மோதிக்கொண்டதைத்தான் சொல்கிறார். பிறகு கிட்டத்தட்ட 400 கோடி வருஷம் யாரோடும் பேசாமல் ஒதுங்கி வாழ்ந்தாராம். அது ஊர்ட் மேகம், சூரியக் குடும்பத்தின் கொல்லைப்புறம். சுமார் 30 லட்சம் வருஷத்துக்கு முன் வழியோடு போன ஒரு நட்சத்திரத்தைச் சந்தித்து, அதனால் தொழில் மாறியதாம். நம் ஊரில் 'சகவாச தோஷம்' என்போம். அதுவும் விஞ்ஞானம்தான். கடந்துபோகும் நட்சத்திரத்தின் ஈர்ப்பு கொஞ்சம் அசைத்துவிட்டால் போதும், இந்தப் பனி உருண்டைகள் சூரியனை நோக்கி விழ ஆரம்பித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சிலேடை. 1997-ல் டயானாவின் இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பாடினாரே, காற்றில் எரியும் மெழுகுவத்தி பற்றி, அந்தப் பாட்டை லேசாகத் தொட்டு, ஐசானைச் சூரியக் காற்றில் அணைந்த பச்சை மெழுகுவத்தி ஆக்குகிறார். இதில் இரண்டு நிஜம் ஒளிந்திருக்கிறது. ஐசான் நிஜமாகவே பச்சை. இரண்டிரண்டாகச் சேர்ந்த கார்பன் அணுக்கள் சூரிய ஒளி பட்டால் அந்த நிறத்தில் ஒளிரும். சூரியக் காற்றும் கவிஞர் கற்பனை இல்லை. சூரியனிலிருந்து ஓயாமல் புறப்படும் மின்துகள் வீச்சு. வால்நட்சத்திரத்தின் வாயு வாலை நீட்டிப் பிடிப்பது அதுதான். பாட்டை மறந்தவருக்கு விஞ்ஞானம் கிடைக்கும், விஞ்ஞானம் தெரியாதவருக்குப் பாட்டு. நகைச்சுவையில் இது சிக்கனமான வழி.

கடைசியில் குடும்பம். அன்னாருக்குப் பல லட்சம் கோடி உடன்பிறப்புகள் உள்ளனர். அப்புறம், அன்னார் நினைவாக உங்கள் ஊர் வானியல் சங்கத்துக்கோ, குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் அமைப்புக்கோ நன்கொடை கொடுங்கள் என்கிறார். இந்த இடத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை.

குறையே இல்லையா? ஒன்று உண்டு. ஐசானின் சக்தியைவிட ஆசை பெரிதாகிவிட்டது, அதனால்தான் முடிந்தது என்று எழுதுகிறார். இங்கே எனக்கு உடன்பாடு இல்லை. வால்நட்சத்திரத்துக்கு ஆசை ஏது? தள்ளிவிட்டது ஒரு நட்சத்திரம், இழுத்தது சூரியன், நடுவில் ஓர் அழுக்குப் பனி உருண்டை. அதன் கரு ரொம்பச் சின்னது, ஒரு கிலோமீட்டர்தான் தேறும் என்று கடைசி மாதங்களில் தெரிந்துவிட்டது. சூரியன் பக்கத்தில் 2,700 டிகிரி வெப்பத்தில் அது என்ன செய்யும்? ஆசைப்பட்டது நாம். நிலா மாதிரி எரியும், பால்கனியிலிருந்து பார்க்கலாம் என்று சொன்னதும் நாம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம் இரங்கல் எழுதும் எல்லோருக்கும் உண்டு. பேட்டம்ஸுக்கும் அது கொஞ்சம் இருந்திருக்கிறது.

ஆனால் அடுத்த நிமிஷமே மன்னித்துவிடலாம், ஒரு காரணத்துக்காக. எதிர்பார்த்த காட்சி நடக்காதபோது ஒரு விஞ்ஞானிக்கு இரண்டு சுலப வழி உண்டு. 'இதன் மூலம் பல அரிய தகவல்கள் கிடைத்துள்ளன' என்று அறிக்கை விடலாம், இல்லாவிட்டால் போனை எடுக்காமல் இருக்கலாம். இவர் இரண்டையும் செய்யவில்லை. இதன் உள்விவகாரம் எங்களுக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது என்பதையும் அந்த இரங்கலிலேயே, குணநலன் பகுதியில், ஒரு வரியாகச் சொல்லிவிட்டார். மேலே உறுதி, உள்ளே மென்மை என்ற பாராட்டுக்கு நடுவில். அறிக்கையில் எழுதியிருந்தால் ஒப்புதல் வாக்குமூலம். இரங்கலில் எழுதினால் மரியாதை. ஏமாந்துபோன ஜனங்களையும் அவர் கிண்டல் செய்யவில்லை, கூட உட்கார்ந்து துக்கம் கேட்டார்.

தமிழில் விஞ்ஞானம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. நம்மிடம் இரண்டு குரல்தான் இருக்கிறது. ஒன்று, 'அடேயப்பா, அதிசயம்!' இன்னொன்று, பரீட்சைக்கு ஐந்து மார்க் விடை. நடுவில் ஒரு குரல் இருக்கிறது. விஷயம் தெரிந்தவன் தன் விஷயத்தின் மேல் வைத்திருக்கும் பாசத்தில் வரும் குரல். கிண்டல் அந்தப் பாசத்தின் இன்னொரு பெயர்.

அவசரப்பட்டு எழுதிவிடவும் கூடாது. 2024 ஜூலையில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் சூரியனை அடையும் முன்பே சிதறிவிடும், தப்பிக்காது என்று அனுபவசாலியான ஒரு வானியலாளர் எழுதினார். அது செப்டம்பர் 27 அன்று சூரியனைச் சுற்றிக்கொண்டு வந்து, அக்டோபர் சாயங்காலங்களில் மேற்கு வானத்தில் வெறும் கண்ணுக்கே வாலை ஆட்டிக் காட்டியது. அதே மாதம் 28-ம் தேதி இன்னொரு அட்லஸ் சூரியனிடம் போய்ப் பொடியாயிற்று. வால்நட்சத்திரங்கள் பூனை மாதிரி, வாலும் உண்டு, சொன்ன பேச்சும் கேட்காது என்பார் டேவிட் லெவி. இருபதுக்கும் மேற்பட்ட வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

ஐசானின் உடன்பிறப்புகள் லட்சம் கோடிக் கணக்கில் வரிசையில் நிற்கின்றன. வந்துகொண்டேதான் இருக்கும், எரிந்துகொண்டேதான் இருக்கும். நல்லபடியாக வழியனுப்பத் தெரிந்தவர்கள்தான் நம்மிடம் கம்மி.