கூட்டம் என்னும் இரைச்சல்

காரவள்ளியில் ஆயா செத்த அன்று சித்தப்பா மகன் ஃபோனில் பேசினான். "அண்ணா, ஆயா போயிருச்சுங்ண்ணா. கெளம்பி வாங்க." அவ்வளவு துல்லியமான குரல். ஏதோ ஆளில்லாத அறைக்குள் நின்று பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். பெங்களூரிலிருந்து ராத்திரி போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, பறைக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் நின்றே பேசியிருக்கிறான். அவன் காதில் இருந்தது நான் கொடுத்த இயர்பட். அதன் மைக்கில் விழும் ஒலியை வடிகட்டும் ஃபர்ம்வேர் எழுதுவதுதான் என் வேலை.

ஒரு நிரலை இலக்கியப் பிரதி போல விமர்சிக்க முடியுமா? ஆர்என்நாய்ஸை எடுத்துக்கொள்வோம். ழான்-மார்க் வாலின் 2017ல் வெளியிட்ட திறமூல நிரல். (எங்கள் கருவியில் இருப்பது வேறு, ஆனால் அதே வம்சம்.) 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் போடுகிறது. 1 என்றால் உள்ளே வா, 0 என்றால் வாயை மூடு. 480 மதிப்புகளைக் கணக்கிட வேண்டிய இடத்தில் வெறும் 22. மனிதக் காது பிரித்தறியாத நுணுக்கத்தை நிரலும் தேடிப்போகவில்லை. இந்தச் சிக்கனம் நம்மில் பல கவிஞர்களுக்கே கைவராதது.

சிக்கல், அது எதைக் கேட்டு வளர்ந்தது என்பதில் இருக்கிறது. 6 மணி நேரப் பேச்சு, 4 மணி நேர இரைச்சல். இரண்டையும் விதவிதமாகக் கலந்து 140 மணி நேரப் பயிற்சி. இரைச்சல் பட்டியலில் கம்ப்யூட்டர் ஃபேன், விமானம், கார், ரயில், கட்டுமான வேலை எல்லாம் சரி. அதே வரிசையில் கூட்டமும் இருக்கிறது. சாவு வீட்டில் கூட்டம்தானே சேதி? (பறையைச் சத்தம் என்று ஒதுக்க நம்மூரில் மெஷின் தேவைப்பட்டதே இல்லை, அது வேற கதை.)

எங்கள் இயர்பட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டு மைக்குகளில் விழுவதை ஒப்பிட்டு, போட்டிருப்பவரின் வாயிலிருந்து வருவதை மட்டும் வைத்துக்கொள்ளும். தள்ளி உட்கார்ந்து அழும் பெண்களின் குரலும் குரல்தான் என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

நியாயமாகவும் பேசணும். காரவள்ளி தாண்டினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு ஏறும் பஸ்ஸில் இது இல்லாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அங்கே எனக்கு இந்த வேலையில் பெருமைதான்.

ஆனால் இதற்கு மதிப்பெண் போடும் முறையும் அதே பள்ளிக்கூடம். வெளிவந்த ஒலி சுத்தமான பேச்சுக்கு எவ்வளவு நெருக்கம் என்று மட்டுமே அளக்கிறோம். பறை மிச்சமிருந்தால் மார்க் குறையும். அப்படியொரு மிச்சம் வேண்டும் என்று சொல்ல எந்த அளவுகோலிலும் இடமில்லை.

லீவு முடிந்து திரும்பியதும், ஃபோனில் பதிந்து வந்திருந்த ஒப்பாரியை எங்கள் வடிகட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். பறை முழுசாகப் போயிருந்தது. அத்தையின் குரலில் அங்கங்கே ஓர் 'ஆ', பிறகு ஒன்றுமில்லை, மறுபடி ஒரு 'ஆ'. பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான வேலை செய்யுது" என்றார்.